வீல்சேரில் இருக்கும் மகனோடு கப்பல் பயணம்: எதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது?

கேள்வி: அக்கா, நாங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம், தானாக நிற்கவோ நடக்கவோ முடியாது, வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறான், நாப்பி உண்டு. பள்ளிக்குப் பேட்டரி வீல்சேர், வீட்டில் கையால் தள்ளுவது. மகளுக்கு ஆறு வயது. ஈஸ்டர் லீவில் நாலு இரவுக் கப்பலில் போர்ச்சுகீஸ் தீவுக்கும் பொமெனேவுக்கும் போகலாம் என்று கணவர் பிடிவாதமாக இருக்கிறார். மாமியாரும் வருகிறார். வீல்சேர் கேபின் தீர்ந்துவிட்டதாம். சாதாரண பால்கனி கேபினில் சமாளிக்கலாம், தீவுக்குப் போகிற படகில் நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றிவிடலாம் என்கிறார். எனக்குத் தைரியம் வரவில்லை. போகலாமா? எந்தக் கப்பல்?

பதில்: போகலாம், தங்கச்சி. கட்டாயம் போகலாம். ஆனால் அந்தக் கேபினில் வேண்டாம், அந்த வாரத்தில் வேண்டாம், முடிந்தால் அந்த இடங்களுக்கும் வேண்டாம். உங்கள் கணவர் கோபப்படுவார், பரவாயில்லை. இதைப் படிக்கக் கொடுங்கள், அப்புறம் பேசட்டும்.

முதலில் அவர் பக்கம் நியாயம் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வீல்சேர் பிள்ளையோடு விடுமுறை என்றால் டர்பன்காரர்களுக்குக் கப்பல் மாதிரி வசதியானது வேறு கிடையாது. விமானம் இல்லை. விமானத்தில் பிள்ளையைச் சீட்டுக்குத் தூக்கி மாற்ற வேண்டும், வீல்சேரைச் சரக்கோடு போடக் கொடுத்துவிட்டு அது முழுசாக வந்து சேருமா என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே சாட்ஸ்வொர்த்திலிருந்து உங்கள் காரிலேயே துறைமுகத்துக்குப் போய், அவன் தன் வீல்சேரில் உட்கார்ந்தபடியே நெல்சன் மண்டேலா டெர்மினலுக்குள் நுழைந்து, அதே வீல்சேரில் கப்பலுக்குள் போய்விடலாம். பழைய என்-ஷெட் டெர்மினல் காலத்தில் ஏறியவர்களைக் கேட்டால் தெரியும், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று. பெட்டியை ஒரு முறை பிரித்தால் போதும், சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், இரவு நிகழ்ச்சி முடிந்தால் லிஃப்டில் ஏறி இரண்டு நிமிடத்தில் படுக்கை. அந்த அளவில் அவர் சொல்வது சரி.

அவர் தடுக்கி விழுகிற இடம், எல்லாரும் விழுகிற இடம்தான். விளம்பரத்தில் கடற்கரைப் படம் போட்டிருப்பார்கள், நாமும் தீவைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுப்போம். நடக்கிறவர்களுக்கு அது சரி. உங்கள் மகனுக்கு அந்த நாலு நாளும் கப்பல்தான் ஊர், கப்பல்தான் கடற்கரை, கப்பல்தான் எல்லாம். அதனால் எந்தத் தீவு என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: கப்பல் கரையோடு ஒட்டி நிற்குமா, குளியலறைக்குள் வீல்சேர் போகுமா. இந்த இரண்டுக்கும் செ.மீ. கணக்கோடு, எழுத்தில் பதில் வராமல் ஒரு ரேண்ட் கூட முன்பணம் கட்டாதீர்கள்.

முதல் கேள்வி. போர்ச்சுகீஸ் தீவு மொசாம்பிக்கின் மாபுட்டோ வளைகுடா வாயில், இன்யாகா தீவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளில்லாத மணல் தீவு. பொமெனே இன்யம்பானே மாகாணக் கடற்கரையில். இரண்டிலும் பெரிய கப்பல் போய் ஒட்டி நிற்கத் துறை கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களை டெண்டர் படகில் கொண்டுபோய் இறக்குவார்கள். அந்த ஏறும் இடம் எப்படி இருக்கும் என்று கணவருக்குச் சொல்லுங்கள். கப்பலின் வயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கதவைத் திறந்திருப்பார்கள். வெளியே ஒரு சின்ன மேடை. அந்த மேடைக்குப் போகவே பல கப்பல்களில் சில படிகள் இறங்க வேண்டும். மேடைக்கும் படகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, கப்பல் ஒரு பக்கம் அசைய, படகு அலையோடு ஏறி ஏறி இறங்கும். ஒரு நொடி படகின் விளிம்பு உங்கள் முழங்காலுக்கு நேராக இருக்கும், அடுத்த நொடி பாதத்துக்குக் கீழே போய்விடும். நடக்கிற ஆளையே மாலுமிகள் முழங்கையைப் பிடித்து, 'இப்போ' என்று சொல்லும்போதுதான் கால் வைக்கச் சொல்வார்கள். அந்த 'இப்போ'வுக்குள் நாலு பேர் ஒரு வீல்சேரைப் பிள்ளையோடு தூக்கிக் கடத்த முடியுமா? ஒருத்தர் கால் வழுக்கினால் போதும்.

தூக்க விடவும் மாட்டார்கள். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் பேட்டரி வீல்சேரை டெண்டரில் ஏற்றுவதே இல்லை, தள்ளுகிற வீல்சேர் என்றாலும் உட்கார்ந்திருப்பவர் சில அடியாவது தானாக எடுத்து வைக்க வேண்டும் என்பார்கள், பயணியைத் தூக்க ஊழியருக்கு அனுமதி இருக்காது. அன்றைக்குக் கடல் எப்படி என்று பார்த்து அதிகாரி ஒருத்தர் 'இல்லை' என்றால் இல்லைதான், அவரோடு வாதாடிப் பயனில்லை, என்னைக் கேட்டால் வாதாடவும் கூடாது. அப்படியே போய்ச் சேர்ந்தாலும் எதிரில் முழுக்க மணல். பேட்டரி வீல்சேரின் முன் சக்கரம் மணலில் புதைந்தால் என்ன ஆகும் என்று அடிங்டன் பீச்சில் பார்த்திருப்பீர்கள். பத்து மணி வெயிலில் ஒன்பது வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நிழல் தேடுவது அப்பாவுக்கு வீரமாக இருக்கலாம், பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

இதற்கு மாற்று இருக்கிறது. டர்பனில் ஏறி எந்தத் துறையிலும் நிற்காமல் கடலில் இரண்டு மூன்று இரவு சுற்றிவிட்டு டர்பனுக்கே திரும்புகிற பயணங்கள் சில சீசனில் விற்பனைக்கு வரும். 'எங்கேயும் போகாத கப்பலுக்கு யார் பணம் கட்டுவார்கள்' என்று சிரிப்பார்கள். உங்கள் வீட்டுக்கு முதல் பயணமாக நான் இதைத்தான் சொல்வேன். யாரும் இறங்குவதில்லை, அதனால் இறங்க முடியாதவன் என்று யாரும் இல்லை. தங்கை கடற்கரைக்குப் போக அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிற நிலைமையே வராது. அது ஒத்துவந்தால் அடுத்த வருடம் கப்பல் கரையோடு கட்டி நிற்கிற துறைகள் உள்ள பயணமாகப் பாருங்கள்: மாபுட்டோ, அல்லது கேப் டவுனில் ஏறி நமீபியாவின் வால்விஸ் பே, அல்லது பை கனமாக இருந்தால் மொரீசியஸின் போர்ட் லூயிஸ், ரீயூனியனின் லெ போர். இவை எல்லா சீசனிலும் இருக்காது, அட்டவணை வருடா வருடம் மாறும். கரையோடு நிற்கிற துறையிலும் கேங்வே, அதாவது ஏறுகிற பாலம், சில நேரம் செங்குத்தாக நிற்கும். டர்பனிலேயே பௌர்ணமி அமாவாசையை ஒட்டிக் கடல் மட்டம் இரண்டு மீட்டருக்குக் கிட்ட ஏறி இறங்கும், பாலமும் அதோடு சரிவு மாறும். ஊழியர் தள்ளி உதவுவார்கள். பேட்டரி வீல்சேராக இருந்தால் பின்பக்கம் சாயாமல் இருக்கப் போடுகிற சின்னச் சக்கரங்களைக் கழற்றாமல் வாருங்கள்.

கடல் ஆட்டம் பற்றி ஒரு வார்த்தை. கேப் டவுன் பக்கமாகத் தெற்கே போகிற பயணத்தில் வைல்ட் கோஸ்ட் என்கிற கரை ஓரம் அகுல்ஹாஸ் நீரோட்டம் ஒரு பக்கமும் தென்மேற்குக் காற்று எதிர்ப்பக்கமும் மோதினால் அலை முரட்டுத்தனமாக எழும். கழுத்துப் பிடிப்பு சரியாக இல்லாத பிள்ளைக்கு அது சாதாரண விஷயமில்லை. அதனால் டர்பனில் ஏறிக் கேப் டவுனில் இறங்குகிற பயணத்தை முதல் தடவைக்கு எடுக்காதீர்கள்.

சரி, கேபினுக்கு வருவோம், இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண கேபினின் கதவே பல கப்பல்களில் 60 செ.மீ. அகலம்தான் வரும். பையனின் தள்ளுகிற வீல்சேர் சின்ன அளவு, ஒருவேளை உள்ளே போய்விடும். போனதும் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் நிற்கும், திரும்பாது. அடுத்தது குளியலறை. சாதாரண கேபினில் அந்தக் கதவு இன்னும் குறுகல், வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க அரைச் சாண் உயரத்துக்கு ஒரு தடுப்பு, உள்ளே ஒரு ஆள் நின்று திரும்புகிற இடம், ஷவருக்கு உடம்பில் ஒட்டிக்கொள்கிற திரை. அங்கே பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு காலால் தடுப்பைத் தாண்டி, கப்பலும் ஆடிக்கொண்டிருக்க, யார் குளிப்பாட்டுவது? உங்கள் கணவர் இல்லை, நீங்கள்தான். ஒரு நாளைக்கு நாப்பி மாற்ற எத்தனை தடவை தூக்குகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, உங்கள் முதுகைக் கேட்டுவிட்டு, அப்புறம் 'சமாளிக்கலாம்' என்று அவர் சொல்லட்டும்.

வீல்சேர் கேபின் என்றால் அகலக் கதவு, தடுப்பில்லாத வாசல், சக்கரத்தோடு உள்ளே போகக்கூடிய ஷவர், சுவரில் மடக்கு இருக்கை, பிடிக்கக் கம்பி. ஆயிரம் கேபினுக்கு மேல் உள்ள கப்பலிலும் இவை கொஞ்சம்தான் இருக்கும், சீசன் திறந்ததும் ஓடிவிடும். அதனால்தான் சொல்கிறேன், கேபின் காலியாக இருக்கிற தேதியைப் பிடித்து அதற்கு லீவு போடுங்கள், லீவைப் பிடித்துக்கொண்டு கேபின் தேடாதீர்கள். 'வசதி உண்டு' என்று போனில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உங்கள் பக்கம் டேப் எடுத்து, பையனை வீல்சேரில் உட்கார வைத்து அளவு எடுங்கள்: இரண்டு கைப்பிடி வளையங்களின் வெளி ஓரம் வரை அகலம், கால் மிதியின் நுனியிலிருந்து பின் சக்கரம் வரை நீளம், உட்கார்ந்த நிலையில் தலை உயரம், பேட்டரியோடு எடை. இருக்கையின் அகலத்தை எழுதிக் கொடுப்பவர்களே அதிகம், கதவில் இடிப்பது இருக்கை இல்லை, சக்கரம். கப்பல் பக்கம் கேட்க வேண்டியவை கேபின் கதவு, குளியலறைக் கதவு, கட்டிலின் இரண்டு பக்கமும் உள்ள இடம், பால்கனி வாசலில் தடுப்பு இருந்தால் சரிவுப் பலகை தருவார்களா என்பது. ஹாய்ஸ்ட், அதாவது பிள்ளையைத் தூக்கி மாற்றுகிற கருவி, கொண்டு போவதாக இருந்தால் கட்டிலுக்கு அடியில் எத்தனை செ.மீ. காலி என்று தனியாகக் கேளுங்கள். பல கேபின்களில் கட்டிலின் அடிப்பகுதியைப் பலகை வைத்து அடைத்திருப்பார்கள், ஹாய்ஸ்டின் கால் நுழையாது.

இன்னொன்று. சுவரில் இருக்கிற அந்த ஷவர் இருக்கை பெரியவர்களுக்குப் போட்டது. ஒன்பது வயதுப் பிள்ளையை அதில் உட்கார வைத்தால் கால் தொங்கும், பக்கவாட்டில் பிடிப்பு இருக்காது, சோப்பு போட்டதும் சரிந்துவிடுவான். வீட்டில் பயன்படுத்துகிற குளியல் இருக்கையை, பெல்ட் உள்ளதை, எடுத்துப் போங்கள். இல்லை என்றால் பள்ளியில் அவனைப் பார்க்கிற தெரபிஸ்டிடம் மடக்கக்கூடியது ஒன்று சில நாளுக்கு இரவல் கேளுங்கள்.

வீல்சேர் கேபினில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பேர்தான் படுக்கலாம், மேலிருந்து இறங்குகிற படுக்கை சிலவற்றில் இருக்காது. நீங்கள் ஐந்து பேர். அப்படியானால் பக்கத்திலேயே இன்னொரு சாதாரண கேபின், முடிந்தால் உள்ளே கதவு உள்ளது. செலவு ஏறும்தான். பால்கனியை விட்டுவிட்டு இரண்டையும் உள்பக்கக் கேபினாகப் பார்த்தால் கொஞ்சம் சமன் ஆகும். நடுக்கப்பலில், கீழ் டெக்கில், லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். ஆட்டம் குறைவு, நாப்பி மாற்ற ஓடி வருகிற தூரமும் குறைவு. பெரிய பிள்ளைக்கு நாப்பி மாற்றுகிற மேசை கப்பலின் பொதுக் கழிவறைகளில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் கேபினுக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

எந்த வீல்சேர் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது முக்கியம். நான் பேட்டரி வீல்சேரையும் எடுக்கச் சொல்வேன். காரணம், கப்பல் தாழ்வாரங்களில் கனத்த கம்பளம் போட்டிருப்பார்கள், தள்ளுகிறவருக்குக் கை கடுக்கும், பிள்ளை தானாகச் சக்கரத்தைச் சுழற்றுவது நடக்காது. பேட்டரி இருந்தால் அவன் தன் இஷ்டத்துக்கு டெக்கைச் சுற்றுவான், தங்கை பின்னால் ஓடுவாள். சார்ஜ் கேபினுக்குள்தான் போட வேண்டும், தாழ்வாரத்தில் நிறுத்த விடமாட்டார்கள், அதனால் கதவு அளவு மறுபடி முக்கியமாகிறது. பேட்டரி ஜெல்லா லித்தியமா என்று படிவத்தில் எழுதக் கேட்பார்கள். நம் ஊர்ப் பெரிய மூன்று முள் பிளக் கப்பலின் சாக்கெட்டில் ஏறாது, ஐரோப்பியச் சாக்கெட்டுக்கான அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பல பிளக் போடுகிற எக்ஸ்டென்ஷன் கட்டையைப் பெட்டியில் பார்த்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் தருவார்கள். ஆலன் சாவி ஒரு செட், டயரில் காற்று அடிக்கிறதாக இருந்தால் ஒரு மாற்று டியூப். கடல் காற்றில் முன் சக்கரங்களின் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், தினமும் இரவு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் கிளப் விஷயத்தில் கொஞ்சம் கவனம். டர்பனிலிருந்து ஓடியிருக்கிற எம்எஸ்சி நிறுவனக் கப்பல்களில் வயதுவாரியாகப் பிரித்திருப்பார்கள், மகள் மூன்றிலிருந்து ஆறு வரை உள்ள கூட்டத்தில், மகன் ஏழிலிருந்து பதினொன்று வரை உள்ளதில். அதாவது இருவரும் வேறு வேறு அறை. ஊழியர்கள் நன்றாகத்தான் நடந்துகொள்வார்கள், ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று கூடவே உட்கார மாட்டார்கள், மருந்து கொடுக்க மாட்டார்கள், அந்த வயதில் நாப்பி மாற்ற மாட்டார்கள். நீங்களோ கணவரோ கூட இருந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். நீச்சல் குளம் அதைவிடச் சிக்கல். நாப்பி போடுகிற பிள்ளையைக் குளத்தில் விடமாட்டோம் என்பது பெரும்பாலான கப்பல்களின் விதி, தண்ணீருக்கென்று உள்ள நாப்பி போட்டாலும் சரி. பையனுக்குத் தண்ணீர்தான் உயிர் என்றால் இதைக் கப்பலில் ஏறிய பிறகு தெரிந்துகொள்வது கொடுமை. குளத்துக்குள் இறக்குகிற ஹாய்ஸ்ட் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். குளம் இல்லை என்று ஆகிவிட்டால், கப்பல் ஏறுகிறதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் அவனுக்குத் தண்ணீர் விளையாட்டு நிறையக் கொடுத்து, கப்பலில் வேறு ஒன்று இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். இரவு மேடை நிகழ்ச்சியில் வீல்சேருக்கென்று ஒதுக்கிய இடங்கள் இருக்கும், குறைவு, அதனால் ஆரம்பிக்கிறதற்கு முன்னால் போய் உட்காருங்கள்.

இதைப் படிக்கும்போது பயப்படாதீர்கள், ஆனால் கேட்க வேண்டியது இது: ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வார்கள்? 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ எல்லாப் பயணிகளுக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துவிட வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். அந்தப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். அவசரத்தில் லிஃப்ட் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும், பேட்டரி வீல்சேர் அங்கேயே நிற்கும், ஊழியர்கள் படி இறக்குகிற தனி நாற்காலியில் அவனைக் கொண்டு போவார்கள். அதற்கு அவன் எந்தக் கேபினில் இருக்கிறான் என்பது அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். முன்பதிவில் சொன்னோமே என்று விட்டுவிடாமல், ஏறிய அன்றே வரவேற்பில் போய்ப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை அளவு லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, கேபினில் வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். தலை ஒரு பக்கம் சாயும் பிள்ளைக்குக் கழுத்துப் பட்டை சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும், உட்காரவில்லை என்றால் வேறு தரச் சொல்லுங்கள்.

மருந்து. வலிப்பு மருந்தை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தேவைக்கு இருமடங்கு, டாக்டர் கடிதத்தோடு. பெரிய பெட்டிகள் ஏறிய பிறகு சாயங்காலம்தான் கேபினுக்கு வரும். மொசாம்பிக் நேரமும் நம் நேரமும் ஒன்று, அதனால் மருந்து வேளை மாறாது. மொரீசியஸ் போனால் இரண்டு மணி நேரம் முன்னால் போகும், அதை டாக்டரிடம் கேட்டுவிட்டே போங்கள். மொசாம்பிக் கரையில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்வது டாக்டர் வேலை, என் வேலை இல்லை, ஆனால் 'பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறது, இந்த மருந்து சாப்பிடுகிறான்' என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மெஃப்ளோகுயின் வலிப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாத மருந்து, டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை, சில வலிப்பு மருந்துகள் அதன் வேலையைக் குறைத்தும் விடும். பக்கத்து வீட்டார் சொன்ன மாத்திரையை பார்மசியில் கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை இது. கப்பலில் டாக்டர் உண்டு, கட்டணம் தனி, அங்கே பெரிய ஆஸ்பத்திரி வசதியை எதிர்பார்க்கக்கூடாது. உங்கள் மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, நாட்டுக்கு வெளியே எதை ஏற்கும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஏற்குமா, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவருகிற செலவை ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். போதாது என்றால் தனிப் பயணக் காப்பீடு, அதில் பெருமூளை வாதத்தையும் வலிப்பையும் மறைக்காமல் எழுதி.

தேதி. ஈஸ்டர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு காரணம். ஒன்று, பள்ளி லீவில் கப்பல் நிரம்பி வழியும், லிஃப்டுக்குக் காத்திருந்து காத்திருந்து பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். நடக்கக்கூடியவர்கள் உள்ளே அடைந்து நிற்பார்கள், வீல்சேரைப் பார்த்தும் ஒருத்தர் வெளியே வரமாட்டார், இது ஏனோ கப்பலுக்குக் கப்பல் ஒரே கதைதான். இரண்டு, பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவில் பூசையை விட்டுவிட்டு மாமியார் கப்பலில் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? உடல் கப்பலில் இருக்கும், மனசு கோவிலில் இருக்கும், நாலு நாளும் உங்களுக்குத்தான் பேச்சு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மொசாம்பிக் பக்கம் புயல் காலத்தின் உச்சம், 2019 மார்ச்சில் இடாய், 2023-இல் ஃப்ரெடி எல்லாம் அந்த மாதங்களில்தான் அடித்தன. புயல் வந்தால் கப்பல் வழியை மாற்றும், துறையை விட்டுவிடும். அதோடு தைப்பூசமும் காவடியும் அந்தப் பக்கம்தான் வரும். என் கணக்குக்கு நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதல் வாரம், பள்ளிகள் முழுசாக மூடுவதற்கு முன்னால். புரட்டாசி விரதமும் தீபாவளியும் முடிந்திருக்கும், கப்பலில் கூட்டம் ஏறியிருக்காது. பையனின் பள்ளி நாலு நாள் விடுப்புக்கு மறுக்காது, மகளுக்கு ஆறு வயதில் என்ன பெரிய பரீட்சை.

சாப்பாடு பற்றி அதிகம் கவலை வேண்டாம். பையனுக்கு அரைத்துக் கொடுக்க வேண்டும் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிட்டு, முதல் நாள் இரவு மேசைக்கு வருகிற பணியாளரிடம் மறுபடி சொல்லுங்கள், செய்து தருவார்கள். முதல் பந்தி கேளுங்கள், வாசல் பக்கத்து மேசை கேளுங்கள். பஃபேயில் ஒருத்தர் வீல்சேர், ஒருத்தர் தட்டு. சைவம் எப்படியும் இருக்கும், காரம் இருக்காது. வீட்டில் சமைத்ததைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், இதை ஆயாவிடம், அதாவது உங்கள் மாமியாரிடம், இப்போதே சொல்லுங்கள். புடவைக்குள் மாங்காய் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி வைத்து ஸ்கேனரில் மாட்டிய ஆயாக்கள் கதை எங்கள் ஆபீசில் தனிப் புத்தகமாகப் போடலாம். குழாய் வழியாகக் கொடுக்கிற மருத்துவ உணவு வேறு, அதற்கு டாக்டர் கடிதம் இருந்தால் அனுமதி உண்டு.

கணவர் 'அப்படியானால் மகளுக்குக் கடற்கரையே இல்லையா' என்று கேட்பார். நியாயமான கேள்வி. பின்னால் ஒரு நாள் தீவு உள்ள பயணம்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் மகளையும் ஆயாவையும் படகில் கூட்டிப் போகட்டும், நீங்களும் மகனும் கப்பலில் இருங்கள். ஆட்கள் எல்லாம் இறங்கிப்போன கப்பல் அவனுக்கு முழுசாகக் கிடைக்கும், லிஃப்ட் காலி, டெக் காலி, ஐஸ்கிரீம் மெஷினுக்கு வரிசை கிடையாது. இரண்டாவது இடத்தில் முறை மாற்றிக்கொள்ளுங்கள், அவர் கப்பலில், நீங்கள் மணலில் கால் நீட்டி. அதை முதல் நாளே பேசி முடிவு செய்துகொண்டு போனால் சண்டை வராது.

காகித வேலைகள். எல்லாருக்கும் பாஸ்போர்ட், திரும்பி வந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், காலிப் பக்கங்கள் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு மொசாம்பிக்கில் 30 நாள் வரை விசா வேண்டாம். பிள்ளைகள் இருவரின் முழு விவரப் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது காரணத்தால் கணவர் வர முடியாமல் நீங்கள் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போக நேர்ந்தால் அவருடைய சம்மதக் கடிதம், கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது உறுதிமொழி ஆணையர், முன்னால் கையெழுத்துப் போட்டது, வேண்டும். முன்பதிவோடு சிறப்பு உதவிப் படிவம் ஒன்று வரும், அதில் 'கொஞ்சம் உதவி தேவை' என்று நாகரிகமாக எழுதாதீர்கள், தானாக நிற்க முடியாது, நடக்க முடியாது, வலிப்பு உண்டு, நாப்பி உண்டு என்று அப்படியே எழுதுங்கள். மாமியாரின் பாஸ்போர்ட் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். முடியப்போகிறது என்றால் ஹோம் அஃபேர்ஸ் வரிசைக்குக் கணவரையே அவரோடு அனுப்புங்கள், அதற்குள் நீங்கள் டேப் எடுத்து வீல்சேரை அளந்து முடித்துவிடலாம்.